இரண்டு அரைப்பேர்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நலமாக இருக்கிறவன்தான் அப்படியெல்லாம் எழுதுவான். ‘அம்மா, நீ இத்தனை காலம் உழைத்தது போதும். இனிமேல் உட்கார்ந்து சாப்பிடு’ என்று எழுதியிருக்கிறாய். உட்கார்ந்து! ஏனடா ராசா, உன் தாய் என்றைக்கு நின்றாள், இனிமேல் புதிதாக உட்காருவதற்கு? சூம்பிய காலோடு பிறந்தவள் நான். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துதான் உன்னை வளர்த்தேன். உட்கார்ந்து வேலை செய்ததற்கும், வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பட்டறையில் என்னதான் படித்தாய்? இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டாமல்தான் மலாக்கா பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும். பாச்சாங்கில் உன் மாமனாராகப் போகிறவர் வீட்டுக் கூடத்தில் வைத்து எல்லாருக்கும் கேட்க வாசித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

தையில் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையாகப் போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன், ஆனால் ஏசிவிட்டுத்தான் சொல்வேன். முதலில் நீ செய்த காரியம் என்ன என்று உனக்கே ஒருமுறை சொல்லியாகவேண்டும். ஏனென்றால் நீ நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கெட்டது செய்தவனையாவது கூப்பிட்டுக் கேட்கலாம். நல்லது செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறவனோடு யாரால் மல்லுக்கட்ட முடியும்?

விடியற்காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவதை நீ சின்ன வயதில் இருந்து பார்த்தவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு முழுப்பேர், முழுக்கூலி. அரைநாள் செய்தால் அரைப்பேர், அரைக்கூலி. ஆனால் எனக்கும் உன் கருப்பையா மாமாவுக்கும் நாள் முழுக்கச் செய்தாலும் அரைப்பேர்தான். ‘நொண்டி, அரைப்பேர். குருடன், அரைப்பேர்’ என்று கங்காணி கத்துவார். இரண்டு அரை சேர்ந்தால் ஒரு ஆள். இதுதான் இந்தத் தோட்டத்துக் கணக்கு. பாலைத் தட்டில் ஊற்றி, உறைந்த கட்டியை எடுத்து உருளையில் கொடுத்து ஷீட்டாக்குவது எங்கள் வேலை. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கட்டியைக் கொடுப்பேன். அவர் அந்தப் பக்கம் நின்று கைப்பிடியைச் சுற்றுவார். சுற்றுகிறவனுக்குக் கண் எதற்கு? கொடுக்கிறவளுக்குக் கால் எதற்கு? எங்களைவிட வேகமாக ஷீட்டு அடித்த முழுப்பேர் ஜோடி எங்கள் ஸ்டோரில் இருந்ததில்லை. அப்படியும் அரைதான். ஏன் என்று ஒருநாளும் நான் வாய்திறந்து கேட்கவில்லை. வேலை இருந்ததே பெரிது என்று கிடந்தேன்.

உன் அப்பா காய்ச்சலில் போனபோது நீ கைக்குழந்தை. காரியம் முடிந்த கையோடு என்னைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடத்தான் பேசினார்கள். பால் வெட்டப் போக முடியாத பொம்பளைக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கை உருளை வந்தது. அதற்கு முன்னால் கட்டியைப் பலகையில் போட்டுக் கையாலும் கட்டையாலும் அழுத்துவார்கள். அதற்கு நின்று குனிந்து முழுப் பலத்தையும் போடவேண்டும். உருளை வந்ததும் உட்கார்ந்தபடி கொடுக்கலாம் என்று ஆயிற்று. உன் கருப்பையா மாமாவும் அப்படி வந்தவர்தான். நல்ல பால்வெட்டுக்காரராக இருந்தவர், அம்மை போட்டுக் கண் போய் லயத்து வீட்டில் முடங்கிக் கிடந்தார். கைப்பிடியைச் சுற்ற ஆள் வேண்டும் என்றதும் தட்டுத்தடவிக்கொண்டு வந்து நின்றார். ஆக, ஒரு மிஷின்தான் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது. இப்போது இன்னொரு மிஷின் வந்திருக்கிறது. மிஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ ‘அம்மாவுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது’ என்று சம்பந்தி வீட்டில் சிரித்துப் பேசிவிடாதே.

பிடிக்காமலா அன்றைக்கு அவ்வளவு ஆட்டம் போட்டேன்? ரப்பர் விலை விழுந்து மூடிப்போன ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து மலிவாகக் கிடைத்த எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு, அதன் மேலேயே நீ உட்கார்ந்து வந்தாயே, லயமே திரண்டு வந்து பார்த்தது. ‘யாரு, நம்ம நொண்டியக்கா மவனா? மிஷின் பூட்டுற பிட்டரா ஆயிட்டானா?’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ காக்கி கால்சட்டையோடு அங்கேயும் இங்கேயும் ஓடி, சிமெண்டுத் தளம் போட்டு, பெல்ட்டை மாட்டி, எண்ணெய் விட்டு முடித்ததும் பூசாரி தேங்காய் உடைத்தார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். தோட்டத்துத் துரை சிரித்துக்கொண்டே, ‘பிட்டர் அம்மா முதல் ஷீட்டு கொடுக்கட்டும்’ என்றார். என் மண்ணெண்ணெய்ப் பெட்டியை நீதான் தூக்கிக்கொண்டு வந்து போட்டாய். நான் உட்கார்ந்து கட்டியைக் கொடுத்தேன். யாரும் சுற்றாமலே உருளை அதை வாங்கிக்கொண்டது. அடேயப்பா, என்ன சுகம்! கையை வைத்து அழுத்த வேண்டாம், இழுக்க வேண்டாம், நேராகப் பிடித்தால் போதும். எல்லாரும் கை தட்டினார்கள். கருப்பையா அண்ணனும் தட்டினார். எதற்குத் தட்டுகிறோம் என்று யோசிக்காமல் தட்டினார் பாவம். நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த மிஷின் முன்னால் உட்கார்ந்தால் நான் அரை இல்லை, முழு ஆள் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் நீ மலாக்காவுக்கு லாரி ஏறிவிட்டாய். அதற்கு அடுத்த நாள் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். நொண்டியும் இல்லை, குருடனும் இல்லை. கங்காணி மறந்துவிட்டார் என்று நினைத்து நான்தான் கையை உயர்த்தினேன்.

“என்னங்க கங்காணியாரே, எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டீங்களே?”

“மறக்கலக்கா. இனிமே கருப்பையாவுக்கு என்ன வேலை இருக்கு? எஞ்சினு சுத்துது. ஒனக்குத்தான் மவன் இருக்கான்ல. அவன்தான் தொரைகிட்ட சொல்லிட்டுப் போனான், எங்கம்மா பெல்ட்டுப் பக்கத்துல உக்கார வேணாம், கால் முடியாதவுக, நான் வச்சுச் சோறு போட்டுக்குறேன்னு. குடுத்து வச்ச மகராசி நீ. போ, போய்ப் படு.”

படுக்கச் சொல்கிறார், விடியாத நேரத்தில்! சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் நீ உத்தமமான பிள்ளை. எனக்கு மட்டும்தான் உன்னைக் கூப்பிட்டுக் காதைத் திருகவேண்டும் போலிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? லாரி ஏறுவதற்கு முந்தின நாள் ராத்திரி என் கையால் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாயே, அப்போதாவது வாய் திறந்தாயா? ஷீட்டை நான் எப்படிக் கொடுத்தேன் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நீ. சபாஷ் அம்மா என்று சொன்னவனும் நீதான்.

நான் சும்மா விடவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டேன். கணக்கெழுதுகிற கிராணியார் தடுத்தார், நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். துரை வெளியே வந்தார். அவருடைய தமிழ் உனக்குத் தெரியுமே.

“நொண்டி பொம்பளே மிஷின்கிட்டே வேணாம். பெல்ட் பிடிக்கும், செத்துப் போகும். மகன் சோறு போடும். நல்ல மகன்.”

“அன்னிக்கு மொத ஷீட்டு நான்தானே தொரை குடுத்தேன்? அன்னிக்குப் புடிக்காத பெல்ட்டு இன்னிக்குப் புடிச்சிருமா?”

“அது சாமி கும்பிட. இது வேலை. பிட்டர் சொன்னான், நான் கேட்டேன்.”

பிட்டர் சொன்னானாம்! பிட்டர் யார்? பால் குடிக்கிற வயதில் அதே ஸ்டோரில் சாக்கின் மேல் தூங்கி, உருளைச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று நடை பழகினவன். தலையில் அடித்துக்கொண்டு திரும்பிவந்தேன்.

உன் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. பெல்ட்டும் இல்லை, ஆபத்தும் இல்லை. பாச்சாங்கில் பெண் எடுக்கிறாய். மாமனார் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொண்டு கடையில் கணக்கெழுதுகிறவர். ‘மாப்பிள்ளையின் அம்மா என்ன செய்கிறார்கள்?’ என்று கேட்டிருப்பார்கள். ‘வீட்டோடு இருக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டாய். சொன்னதை உண்மையாக்க ஒரு வழி வேண்டும், எஞ்சின் கிடைத்தது. நிச்சயத்துக்கு அவர்கள் வந்தபோது பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, ‘ஒங்களுக்கென்ன சம்பந்தி, மகன் ராணி மாதிரி வச்சிருக்காரு, வீட்டைவிட்டு எறங்குறதே இல்லையாமே’ என்றாள். என் உள்ளங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். பாலை உறையவைக்கிற திராவகம் பட்டுப் பட்டு அது வெளுத்துப்போய் உரிந்து கிடக்கும், ராணியின் கை அப்படி இருக்காது. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சம்பந்தியம்மா, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நான் வீட்டைவிட்டு இறங்காதவள் இல்லை. ஸ்டோரில் உருளைக்கு ஷீட்டுக் கொடுக்கிறவள். இதில் உங்களுக்குக் குறைச்சல் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒன்றைக் கேட்கிறேன், பதில் சொல். உன் இடது கையைப் பார். அதில் எத்தனை விரல் இருக்கிறது? பட்டறையில் சேர்ந்த புதிதில் பற்சக்கரத்தில் கையைக் கொடுத்து இரண்டு விரலைத் தொலைத்தாயே, அப்போது நடந்ததை மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. கட்டோடு உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பட்டறை முதலாளி தவுக்கே உன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டான். சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ் பிடித்து, அந்த மலாக்காத் தெருவில் தடியை ஊன்றி ஊன்றி, விசாரித்து விசாரித்து நான் வந்து சேர்ந்தேன். ‘ஜாரி தா அடா, கெர்ஜா தா போலே லா’ என்று கையை விரித்தான் தவுக்கே. விரல் இல்லை, வேலை ஆகாது என்று அர்த்தம். அது எனக்கும் புரிந்தது. நான் என்ன செய்தேன்? ‘சரி தவுக்கே, என் பிள்ளையை நான் வீட்டில் வைத்துச் சோறு போட்டுக்கொள்கிறேன்’ என்று சொன்னேனா? பட்டறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வருகிற வண்டிக்கெல்லாம் வழி மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தவுக்கே கத்தினான், நானும் எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். ஸ்குரூ முடுக்குகிற சாவியை எந்தக் கையால் பிடிக்கிறான் என்று பார், பார்த்துவிட்டுத் துரத்து என்றேன். கடைசியில் என்னை எழுப்பிவிட வழி தெரியாமல்தான் உன்னை உள்ளே கூப்பிட்டான். ஒரு மாதம் பார்ப்பேன் என்றான். அந்த மாதம் இன்னும் முடியவில்லை, பார். எட்டு விரலோடு எஞ்சின் பூட்டுகிறாய். அந்த எட்டு விரலால்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினாய்.

போகட்டும், என்னையாவது விடு. எனக்கு நீ இருக்கிறாய், கோபித்துக்கொண்டே நாலு காலம் உன் சோற்றைத் தின்றுவிட்டுப் போவேன். கருப்பையா அண்ணனுக்கு யார் இருக்கிறார்கள்? அவரைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. வேலை இல்லாதவர்களை எல்லாம் ஊருக்குத் திருப்பியனுப்புகிறார்கள் என்பது உனக்குத் தெரியாதா? மலாக்கா டவுனில்தானே இருக்கிறாய், லாரி லாரியாகப் போவதைப் பார்க்கத்தானே செய்வாய்? இந்த மார்கழிக் கடைசியில் எங்கள் தோட்டத்துக்கும் லாரி வருகிறது. அதில் அவரையும் ஏற்றிவிடுவதாகக் கங்காணி சொல்லிவிட்டார். தன் அண்ணனோடு கப்பலேறி வந்தவர் அவர். அந்த அண்ணன் இந்தத் தோட்டத்து மண்ணிலேயே புதைந்துவிட்டார். ஊரில் இப்போது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லை.

போன வாரம் ஸ்டோருக்குப் பின்னால் கிர்ரென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கழற்றிப் போட்ட நம் பழைய கை உருளையை அவர் சுற்றிக்கொண்டு நிற்கிறார். உருளைக்குள் ஒன்றும் இல்லை. வெறும் உருளை.

“என்னண்ணே பண்றீங்க?” என்றேன்.

“சும்மா இருக்க முடியல தாயி. கை கேக்குது.” கொஞ்ச நேரம் சுற்றினார். பிறகு நிறுத்திவிட்டு, “ஒண்ணு கேக்கவா? நாகப்பட்டணத்துல கப்பல விட்டு எறக்கி விட்டுருவாக. சரி. அதுக்கப்புறம் எந்தப் பக்கமா நடக்கணும்னு யாரு சொல்லுவா?” என்றார்.

இத்தனை வருஷமாகக் காலையில் லயத்திலிருந்து ஸ்டோருக்கு அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்தேன். கல், குழி, இடது பக்கம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் கால் வைப்பார். பார்க்கிறவர்கள் கேலி பேசாத நாள் இல்லை. நீயும் ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பையன்களோடு நின்றபோது எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டேன், சின்னப் பிள்ளை என்று. இப்போது மீசை வைத்த பிறகும் வேறு பக்கம்தானே திரும்பியிருக்கிறாய்?

இதைக் கேள். உன் மிஷினில் இப்போது என் இடத்தில் செல்லாயி நிற்கிறாள். இரண்டு காலும் திடமான பெண். நின்றுகொண்டு கொடுக்கிறாள், கட்டி நழுவினால் எட்டிப் பிடிக்கப் பாய்கிறாள். நாலு நாளைக்கு முன்னால் அப்படிப் பாய்ந்ததில் முந்தானை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நல்ல வேளை, நைந்த சேலை. கிழிந்து போயிற்று, பெண் பிழைத்தாள். துணியைப் பெல்ட்டு சுற்றிச் சுற்றி அடித்த சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது. அதற்குப் பிறகு, ‘இரண்டு கால் இருக்கிறவர்கள் மிஷின் பக்கம் வரவேண்டாம்’ என்று துரை சொன்னாரா? இல்லையே. பயந்துபோன அவள்தான் என்னிடம் வந்து, ‘அக்கா, எனக்கு வெட்டுக்காடுதான் வேணும், ஒங்க எடத்த நீங்களே எடுத்துக்குங்க’ என்று அழுதாள். பெல்ட்டுக்கும் உட்கார்கிறவளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு அடித்திருந்தால் இது யாருக்கும் நடக்காது. நொண்டிக்கு ஆபத்து என்று தெரிந்த பிட்டருக்கு ஒரு பலகை அடிக்கத் தெரியவில்லை. உன் புத்தி என்னை அப்புறப்படுத்தப் போயிற்றே தவிர, மிஷினைச் சரிபண்ணப் போகவில்லை. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

செல்லாயியின் கிழிந்த முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி ஆபீஸ் படியில் போய் உட்கார்ந்தேன். துரைக்கும் மனசு கொஞ்சம் ஆடித்தான் போயிருந்தது. அன்றைக்கு அவருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. எஞ்சின் வேகத்துக்கு உருளை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எஞ்சினையும் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும். கிணற்றிலிருந்து தோளில் போடுகிற காண்டாக் கம்பில் வாளி கட்டித் தூக்கித் தூக்கி இரண்டு ஆட்கள் நாக்குத் தள்ளிக் கிடக்கிறார்கள். அவர்களும் வெட்டுக்காட்டில் இருக்கவேண்டிய ஆட்கள். நான் சொன்னேன்:

“தொரை, கெணத்துல ஒரு கைப்பம்பு வச்சு, மேல ஒரு தொட்டிக்குக் கொழா போட்டா ஒரு ஆளு நின்ன எடத்துல நின்னு அடிக்கலாம். கருப்பையாவுக்கு இருக்குற கைபலம் இந்தத் தோட்டத்துல யாருக்கு இருக்கு? அதுக்குக் கண்ணு வேணுமா?”

துரை வாயிலிருந்த புகைக்குழாயைக் கடித்துக்கொண்டார். புதுப் பம்பு வாங்க இப்போது கம்பெனி காசு கொடுக்காது என்றார். பழைய பம்பு பட்டறைகளில் கிடக்கும், என் மகன் கொண்டுவந்து பூட்டுவான் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். நீ என்னைக் கேட்டாயா?

“சரி. லாரி வரும் முன்னே பம்பு ஓடணும். ஓடுனா குருடன் இருக்கட்டும். நீ மிஷின்கிட்டே உட்காரலாமா வேணாமா, பிட்டர் வந்து சொல்லட்டும். அவன் சொன்னா எனக்குச் சரி” என்றார்.

“இன்னொண்ணு தொரை. ரெண்டு பேருக்கும் முழுப்பேர்.”

கிராணியார் இருமினார். துரை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மாட்டேன் என்று சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது புரிகிறதா? எஞ்சின் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. துரைகூடக் கடைசியில் சொல்லவில்லை. எல்லாம் உன் ஒரு வார்த்தையில் வந்து நிற்கிறது. அந்த வார்த்தையைத்தான் நீ முன்பே தப்பாகச் சொல்லிவைத்திருக்கிறாய்.

புத்தி சொல்கிறேன் என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். வரப்போகிற பெண் நல்ல பெண். நிச்சயத்தன்று என் தடியை எடுத்துக் கொடுக்காமல், ‘அத்தை, தடி வேணுமா?’ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சரி என்று பேசாமல் இருந்தாள். அது பெரிய குணம். உனக்கு அது கிடையாது; அவளிடம் கற்றுக்கொள். அவளால் இது முடியாது, அது ஆகாது என்று நீயாக முடிவு கட்டி, அவளுக்கு நல்லது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியாதே. அவளுக்குக் கஷ்டம் என்று உனக்குத் தோன்றினால் அவளிடம் கேள். கேட்டுவிட்டு அவள் சொல்வதைக் காதில் வாங்கு. உனக்குப் பிறக்கிற பிள்ளைக்குக் கையோ காலோ கண்ணோ ஒன்று குறைவாக இருந்தால் அன்றைக்கு என்னை நினைத்துக்கொள். அதை மூலையில் உட்காரவைத்து ஊட்டிவிட்டாயானால் நான் செத்திருந்தாலும் எழுந்து வருவேன். கடுமையாகப் பேசுகிறேன் என்று உன் மாமனாருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அன்பு இல்லாமல் பேசவில்லை. உன்னைப் பெற்றதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை, இந்த ஒரு மாதத்தைத் தவிர.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வா. கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுச்சேலை எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதைக் கடையிலேயே திருப்பிக்கொடு, அந்தக் காசில் பழைய கைப்பம்பு ஒன்று வாங்கு. கிணற்றடியில் பூட்டு. கருப்பையா மாமாவின் கையைப் பிடித்து அதன் கைப்பிடியில் வை. பெல்ட்டுக்கும் என் பெட்டிக்கும் நடுவில் ஒரு பலகை அடி. பிறகு துரை முன்னால் நின்று, ‘எங்க அம்மா இந்த மிஷின்ல உக்காரலாம், நான் அன்னிக்குச் சொன்னது தப்பு’ என்று உன் வாயால் சொல். மூன்று நாள் லீவு கேட்டுக்கொண்டு நான் உன் கல்யாணத்துக்கு வருகிறேன். பழைய சேலைதான் கட்டுவேன். பந்தலில் யாராவது இது யார் என்று கேட்டால், என் அம்மா, ஸ்டோரில் வேலை செய்கிறார்கள் என்று சத்தமாகச் சொல்லவேண்டும்.

பம்பு கிடைக்கவில்லை, தவுக்கே விடவில்லை, மாமனார் வீட்டில் ஜோலி என்று ஏதாவது சாக்கு வைத்திருந்தால், பரவாயில்லை, வெறுங்கையோடாவது வா. நீ வேலைக்குப் போகவேண்டாம். என் மண்ணெண்ணெய்ப் பெட்டியை வீட்டுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அதில் உன்னை உட்காரவைத்து, எதுவும் செய்யவிடாமல், வேளாவேளைக்கு நான் சோறு போடுகிறேன். அது தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று நீயே பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா